ராக்கெட் என்றால் முதலீடு, புற்றுநோய் என்றால் செலவா?

குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் எழும்பிக்கொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2025 ஆகஸ்டில் பூமி பூஜையும் போட்டாயிற்று. மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி என்று தேரிக்காட்டையும் பனங்காட்டையும் சேர்த்து 2,233 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டிருக்கிறது. திட்டச் செலவு 986 கோடி ரூபாய். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். குலசையிலிருந்து ஏவினால் நேராகப் போகலாம், எரிபொருள் மிச்சம். இதுதான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம்.

நாம் ராக்கெட்டுக்கு எதிரிகள் அல்ல. புயல் எச்சரிக்கை இல்லாமல் கடலுக்குப் போய்ச் செத்த மீனவர்களின் கணக்கு நமக்குத் தெரியும். நாம் பேச வந்தது வேறொன்று. ஏவுதளத்தைப் பற்றி ஒன்றிய அரசும் அதன் அறிவியலாளர்களும் பேசும்போது ஒரு சொல்லைத் தவறாமல் பயன்படுத்துகிறார்கள்: முதலீடு. விண்வெளிக்குப் போட்ட ஒவ்வொரு ரூபாயும் 2.54 ரூபாயாகத் திரும்பி வந்திருக்கிறது என்று 2024 ஆகஸ்டில் ஓர் ஆய்வறிக்கையே வெளியிட்டார்கள். வேலைவாய்ப்பு, துணைத் தொழில்கள், திறன் வளர்ச்சி என்று அத்தனையையும் அதில் கூட்டிக் காட்டினார்கள். சரி, இருக்கட்டும்.

அதே அரசு புற்றுநோயைப் பற்றிப் பேசும்போது மட்டும் சொல் மாறிவிடுகிறது. அங்கே இருப்பது செலவு, சுமை, உதவி, காப்பீடு, நலத்திட்டம். இந்தியாவில் ஆண்டுக்கு 14 லட்சம் பேருக்கு மேல் புதிதாகப் புற்றுநோய் வருகிறது. 9 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்பது 2022-க்கான உலக அளவிலான மதிப்பீடு. அந்த நோயை ஆராய்வதற்குப் போடும் பணம் எவ்வளவாகத் திரும்பி வரும் என்று எந்த அமைச்சராவது மேடையில் சொல்லிக் கேட்டிருக்கிறோமா? 2024-25 வரவு செலவுத் திட்டத்தில் விண்வெளித் துறைக்கு 13,000 கோடிக்கு மேல். எல்லா நோய்களுக்கும் சேர்த்து மருத்துவ ஆராய்ச்சித் துறைக்குச் சுமார் 3,000 கோடி. மும்பை டாடா நினைவு மையத்துக்கான பணம் அணுசக்தித் துறையின் கணக்கில் வருகிறது. அதையும் சேர்த்தால்கூட விண்வெளியில் பாதியைத் தொடாது.

ஏன் இந்த வேறுபாடு? பணம் இல்லை என்பது காரணமல்ல. லாபம் இல்லை என்பதும் காரணமல்ல. யாருடைய உயிர் அந்தக் கணக்கில் வரவாக எழுதப்படும் என்பதுதான் காரணம் என்கிறோம்.

லாபக் கணக்கைத் திறந்து பார்ப்போம்

மனித உயிரைப் பணத்தால் அளப்பதா என்று நம் தோழர்களே கேட்கலாம். நியாயமான கேள்வி. வாழும் உரிமைக்கு லாபக் கணக்கு காட்ட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. ஆனால் அவர்கள் கணக்கைக் காட்டித்தான் நமக்கு மறுக்கிறார்கள். மறுக்கும் கணக்கு பொய்க்கணக்கு என்றால் அதை வாசித்துக் காட்டுவது நம் வேலை. அண்ணல் அம்பேத்கர் 1923-இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிப் புத்தகம் எழுதிய பொருளியல் அறிஞர். கணக்குப் பேரேட்டைப் படிக்கத் தெரியாத இயக்கம் அல்ல இது.

2014-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வந்தது. 1970 முதல் 2009 வரை அந்த நாடு பொதுப் பணத்திலும் அறக்கொடைப் பணத்திலும் புற்றுநோய் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது 1,500 கோடி பவுண்டு. அதனால் கிடைத்தது என்ன என்று கணக்கிட்டார்கள். ஆராய்ச்சியில் போட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் ஆண்டுதோறும் 40 பென்ஸ் அளவுக்குப் பலன் கிடைக்கிறது என்பது அவர்கள் கண்ட விடை. அதில் 10 பென்ஸ், மக்களின் நலம் கூடியதன் மதிப்பு. மீதி 30 பென்ஸ், அந்த ஆராய்ச்சியால் பொருளாதாரம் முழுவதும் பரவும் பலன்: ஆய்வுக்கூட வேலை, பயிற்சி பெற்ற ஆட்கள், புதிய தொழில்கள், அதைப் பார்த்துத் தனியார் போடும் பணம். போட்ட பணம் பலனாக மாறச் சராசரியாக 15 ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த தேர்தலுக்குள் காய்க்கும் மரமல்ல இது. ஆனால் நட்டால் காய்க்கும்.

இதில் நமக்கு முக்கியமான செய்தி இன்னொன்று. அந்த நலப் பலன் எங்கிருந்து வந்தது? கோடிக்கணக்கில் விலைபோகும் அதிசய மருந்துகளிலிருந்து அல்ல. மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமான பலன், மக்கள் புகை பிடிப்பதைக் குறைத்ததால் வந்தது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்ததால் வந்தது. மார்பகப் புற்றுநோய் சிகிச்சைகள் தந்தது பத்தில் ஒரு பங்கு அளவே.

புகையிலையும் கருப்பைவாயும். இந்த இரண்டும் யாருடைய நோய்கள்? நெல்லை, தூத்துக்குடி, தென்காசிச் சீமையில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பீடி சுற்றும் பெண்ணும், பீடி பிடிக்கும் கூலிக்காரனும், புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு உப்பளத்தில் வெயிலில் நிற்கும் தொழிலாளியும், கழிப்பறையோ மறைவிடமோ இல்லாமல் வாழும் சேரிப் பெண்ணும்தான். உலகத்திலேயே அதிக லாபம் தரும் புற்றுநோய் ஆராய்ச்சி, ஏழைகளின் புற்றுநோயைப் பற்றிய ஆராய்ச்சி. இதைப் பிரிட்டனின் கணக்கே சொல்கிறது.

திண்டுக்கல்லில் நிரூபித்தது

அது பிரிட்டன், பணக்கார நாடு என்று தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டிலேயே நிரூபித்தாகிவிட்டது.

2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும், அம்பிளிக்கை மருத்துவமனையும், அடையாறு புற்றுநோய் நிறுவனமும் சேர்ந்து நடத்தியவை. கிராமத்துப் பெண்கள், 30 முதல் 59 வயதுக்காரர்கள். சோதனை மிக எளியது. பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரைத் தடவுவார். ஒரு நிமிடம் கழித்து வெறும் கண்ணால் பார்ப்பார். கெட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். அது புற்றாக மாறும் முன்பே உறைய வைத்து அழித்துவிடலாம். பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம், நிபுணர் வேண்டாம்.

49,311 பெண்கள் பரிசோதனைக்கான குழுவில் இருந்தார்கள். 30,958 பெண்கள் பரிசோதனை இல்லாத ஒப்பீட்டுக் குழுவில். முடிவு 2007-இல் லான்செட் இதழில் வந்தது. பரிசோதனைக் குழுவில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடு குறைந்தது. அதனால் நேர்ந்த சாவு 35 விழுக்காடு குறைந்தது. ஒரு புட்டி வினிகரும் ஒரு செவிலியரும் சேர்ந்து மூன்றில் ஒரு சாவைத் தடுக்க முடியும் என்று உலகத்துக்கே எடுத்துக்காட்டியவர்கள் திண்டுக்கல் பெண்கள். அந்த முடிவை வைத்து ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் கொள்கை வகுத்தார்கள்.

இப்போது இரண்டு கேள்விகள்.

முதல் கேள்வி: அந்தப் பெண்களின் உடல் தந்த அறிவு அவர்களுக்கே திரும்பி வந்ததா? 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியா முழுவதும் 1.9 விழுக்காடு. தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். திண்டுக்கல் ஆய்வோடு ஒப்பிட்டால் வெட்கப்பட வேண்டும். பத்தில் ஒன்பது பெண்களுக்கு அந்த ஒரு நிமிடச் சோதனை கிடைக்கவில்லை. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 80,000 பெண்கள் இந்த நோயால் சாகிறார்கள். தடுக்கத் தெரிந்த பிறகும் நடக்கும் சாவு இது.

இரண்டாவது கேள்வி: ஆய்வுக்கு யாருடைய உடல்? திண்டுக்கல், மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத், மும்பையின் குடிசைப் பகுதிகள் என்று மூன்று இடங்களில் இப்படிப்பட்ட ஆய்வுகள் நடந்தன. மூன்றிலும் பரிசோதனை செய்யப்படாத குழுக்களில் இருந்த பெண்களில் 254 பேர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் செத்தார்கள். பரிசோதனையால் உயிர் பிழைக்கலாம் என்று வேறு நாடுகளில் ஏற்கெனவே தெரிந்திருந்தபோது இவர்களை ஏன் வெறுமனே விட்டீர்கள் என்று அமெரிக்க மருத்துவர்களே கேட்டார்கள். அப்போது இந்தியாவில் எந்தப் பரிசோதனையும் இல்லாதிருப்பதுதானே வழக்கமான நிலை, அதோடுதானே ஒப்பிட்டோம் என்று ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள். அந்தப் பதிலை நிறுத்திப் படியுங்கள். ஒன்றுமே கிடைக்காதது அந்தப் பெண்களுக்கு வழக்கம். அந்த வழக்கத்தை உருவாக்கியது யார்? அதை வெறும் வறுமை என்று சொல்லிக் கடந்துபோக நாம் தயாரில்லை.

2009-10-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு திட்டம் நடந்தது. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அங்கே நேர்ந்த சிறுமிகளின் சாவுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று விசாரணைக் குழு சொன்னது. தடுப்பூசி நல்லது, நம் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் கிடைக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்காக 36 கோடி ரூபாயை ஒதுக்கியதை வரவேற்கிறோம். கம்மத்தில் நடந்த குற்றம் வேறு. ஒரு பழங்குடித் தாயிடம் கேட்க வேண்டியதில்லை, விடுதிக் காப்பாளரிடம் கேட்டால் போதும் என்று நினைத்த மனம்தான் அந்தக் குற்றம்.

பீடித் தட்டும் லாபமும்

அடுத்து, பலனில் மூன்றில் இரண்டு பங்கைத் தந்த புகையிலைக்கு வருவோம். 1950-இல் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் போய், புகை பிடிப்பீர்களா, எத்தனை ஆண்டாக என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். நுரையீரல் புற்றுக்கும் சிகரெட்டுக்கும் உள்ள உறவு அதில் தெரிந்தது. எந்தத் தனியார் நிறுவனமும் அந்த ஆய்வுக்குப் பணம் போட்டிருக்காது. அதில் விற்பதற்கு ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டிலும் அப்படி ஒன்று நடந்தது. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளுக்குப் போய் அவர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டு எழுதினார்கள். 2003-இல் வெளியான அந்த ஆய்வு, இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவில் பாதிக்குப் புகைதான் காரணம் என்று காட்டியது. கிராமத்தில் அந்தப் புகை பெரும்பாலும் பீடிப் புகை.

அந்தப் பீடியைச் சுற்றுகிறவர்கள் நம் பெண்கள். முக்கூடல், ஆலங்குளம், பாப்பாக்குடி, மேலப்பாளையம், கடையநல்லூர் என்று தாமிரபரணிக் கரையிலும் அதைச் சுற்றியும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, இலையும் தூளுமாக நாள் முழுக்கச் சுற்றுகிறார்கள். தலித், நாடார், தேவர், இசுலாமியர் என்று எல்லாச் சாதி மதத்து ஏழைப் பெண்களும் அதில் இருக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. புகையிலைத் தூள் அவர்களின் மூச்சிலும் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையின் மூச்சிலும் போகிறது.

1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடி மீது ஒரு தீர்வை வசூலித்து, அந்தப் பணத்தில் பீடித் தொழிலாளருக்கு மருத்துவமனை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, வீடு என்று கொடுத்தார்கள். முக்கூடலில் பீடித் தொழிலாளர் மருத்துவமனை வந்தது அப்படித்தான். 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது அந்தத் தீர்வையை ஒழித்துவிட்டார்கள். 2025 செப்டம்பரில் வரி விகிதங்களைத் திருத்தியபோது பீடிக்கான வரியை 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைத்தார்கள். அதே திருத்தத்தில் 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியை நீக்கினார்கள். புற்றுநோய் மருந்துகளும் அதில் உண்டு. மருந்துக்கு வரி நீக்கியது நல்லதுதான். ஆனால் மொத்தத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். நோயைத் தரும் பொருளுக்கு வரி குறைந்தது. அந்தப் பொருளைச் செய்யும் பெண்ணின் மருத்துவத்துக்கென்று தனியே இருந்த பணம் போயிற்று. அவளுக்கு மாற்றுத் தொழில் என்ன என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

பீடியை உடனே மூடு என்று நாம் சொல்ல மாட்டோம். அடுத்த நாள் அடுப்பு எரியாத வீடுகள் எத்தனை என்று நமக்குத் தெரியும். புகையிலையை விட்டு வெளியேறும் வழியைக் கண்டுபிடிப்பதும் புற்றுநோய் ஆராய்ச்சிதான் என்கிறோம். எந்தத் தொழில், எவ்வளவு கூலி, எத்தனை ஆண்டுப் பயிற்சி, யார் பணம் என்று பார்ப்பதற்கு நுண்ணோக்கி தேவையில்லை, மனம்தான் தேவை.

கூலிதான் உயிரின் விலையா?

லாபம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது முதலீடு ஏன் வரவில்லை? கணக்கு எழுதும் முறையிலேயே சாதி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

பிரிட்டன் ஆய்வில் முழு நலத்தோடு ஒருவர் வாழும் ஓராண்டுக்கு 25,000 பவுண்டு என்று மதிப்பு வைத்தார்கள். வங்கி அதிகாரிக்கும் அதே மதிப்பு, தெருக் கூட்டுபவருக்கும் அதே மதிப்பு. ஆனால் நோயின் பொருளாதார இழப்பைக் கணக்கிட இன்னொரு முறையும் பரவலாக இருக்கிறது. செத்தவர் உயிரோடு இருந்திருந்தால் எவ்வளவு கூலி சம்பாதித்திருப்பார் என்று பார்ப்பது. அந்தக் கூலிதான் அவர் உயிரின் விலை.

இந்த முறையை நம் ஊருக்குக் கொண்டுவந்து வையுங்கள். ஐ.டி. ஊழியர் ஒருவரின் சாவு பல கோடி இழப்பு. பீடி சுற்றும் பெண்ணின் சாவு சில ஆயிரம் பீடிகளின் இழப்பு. வீட்டு வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் கூலியே இல்லை. அதனால் அது சுழியம். அறுபது வயதைக் கடந்த கிழவி கணக்கிலேயே இல்லை. பிறப்பை வைத்துத் தொழில் கொடுத்தாய். தொழிலை வைத்துக் கூலி கொடுத்தாய். இப்போது கூலியை வைத்து உயிருக்கு விலை போடுகிறாய். மனு எழுதிய கணக்குக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கூலி உயர்வு கேட்ட மாஞ்சோலைத் தொழிலாளருக்காக ஊர்வலம் வந்தவர்களில் 17 பேர் 1999 சூலை 23 அன்று தாமிரபரணியில் பிணமாக மிதந்தார்கள். கூலிக்கும் உயிருக்கும் உள்ள உறவை இந்த மண்ணுக்கு எந்தப் பொருளியல் பேராசிரியரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கணக்கில் வராத இன்னொரு செலவும் உண்டு. உடன்குடியிலோ சாத்தான்குளத்திலோ ஒரு பெண்ணுக்குக் கட்டி என்று தெரிந்தால் தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரை, திருவனந்தபுரம், கடைசியில் அடையாறு என்று அலைகிறார்கள். காப்பீட்டு அட்டை சிகிச்சைக்குப் பணம் கட்டும். துணைக்குப் போகும் மகள் பள்ளியை விடுவதற்கு அது பணம் கட்டாது. நோய் தீர வேண்டும் என்று முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, காப்புக் கட்டி, வேடம் போட்டு, தெருத் தெருவாகக் காணிக்கை எடுத்துக் குலசை தசராவுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்! நம்பிக்கையைப் பற்றி நமக்கு வேறு கருத்து உண்டு. அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்க நமக்கு மனம் வராது. நோய்க்காக மடியேந்துகிற மக்கள் நிறைந்த ஊருக்குப் பக்கத்தில்தான் 986 கோடி முதலீடாக இறங்குகிறது. ராக்கெட்டுக்கு நேர்வழி தேடிக் கண்டுபிடித்தவர்கள், நோயாளிக்கு மட்டும் சுற்றுவழி விட்டிருக்கிறார்கள்.

உடல் நம்முடையது, நாற்காலி அவர்களுடையது

அந்த 30 பென்ஸை மறந்துவிடக் கூடாது. ஆராய்ச்சியின் பெரிய பங்கு பலன் நோயாளிக்குப் போவதில்லை. வேலையாக, பதவியாக, அறிவாக, தொழிலாகப் பொருளாதாரத்தில் பரவுகிறது. அது யார் வீட்டில் பரவுகிறது?

ஒன்றியக் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கான இடஒதுக்கீட்டுச் சட்டம் 2006-இல் வந்தது. ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுச் சட்டம் 2019-இல் வந்தது. இரண்டிலும் நான்காவது பிரிவில் விலக்கு உண்டு. சிறப்பு வாய்ந்த ஆராய்ச்சி நிறுவனங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, இவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். பட்டியலைப் படியுங்கள். விண்வெளி இயற்பியல் ஆய்வகம், திருவனந்தபுரம்: விலக்கு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம்: விலக்கு. நாட்டின் மிகப்பெரிய புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமான டாடா நினைவு மையம்: விலக்கு.

சோதனைக்குப் படுக்கும் உடலுக்கு விலக்கு இல்லை. அங்கே ஏழைகள்தான் நிறைந்திருக்கிறார்கள். சோதனை நடத்தும் நாற்காலிக்கு மட்டும் தகுதி, திறமை, சிறப்பு என்று வேலி. ராக்கெட்டிலும் புற்றுநோயிலும் இந்த ஒரு விசயத்தில் மட்டும் அரசு வேறுபாடு பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறு இதற்கு நேர் எதிராகத் தொடங்கியது. தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்து, அந்த முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பல ஆண்டுகள் அலைந்து, பணம் திரட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு நிறுவனத்தைத் தொடங்கினார். அவருக்குப் பின் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை ஆராய்ச்சி நிறுவனமாக வளர்த்தார்கள். சாதியும் ஆணாதிக்கமும் சேர்ந்து ஒதுக்கிய ஒரு பெண் கட்டிய நிறுவனம் அது. ஒதுக்கப்பட்டவர்கள் உள்ளே வந்தால் தரம் கெட்டுவிடும் என்பவர்கள் ஒருமுறை அடையாறுக்குப் போய்ப் பார்க்கட்டும்.

வெளியே வாங்கிக்கொள்ளலாமே என்பவர்களுக்கு

ஆராய்ச்சியைப் பணக்கார நாடுகள் செய்யட்டும், நாம் மருந்தை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வாதம் உண்டு. வாங்கிப் பார்த்தோமே! ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தை நோவார்ட்டிஸ் மாதம் சுமார் 1,20,000 ரூபாய்க்கு விற்றது. இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைச் சுமார் 8,000 ரூபாய்க்குக் கொடுத்தன. காப்புரிமை கேட்ட நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் தள்ளியது. ஏழு ஆண்டுகள் வழக்காடித்தான் அந்த விலையைக் காப்பாற்ற முடிந்தது. 1968-இல் அறிஞர் அண்ணாவே அறுவை சிகிச்சைக்கு நியூயார்க் போக வேண்டியிருந்தது. முதலமைச்சர் போகலாம். முக்கூடல்காரி போவாளா?

நம்முடைய நோய்க்கு நாம் ஆராய்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு நிவோலுமாப் என்ற விலையுயர்ந்த மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்துப் பார்த்தது டாடா மையம். ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாகக் கூடினார்கள். இது 2022-இல் வெளியான முடிவு. மார்பக அறுவைக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி மருந்தான லிக்னோகெயினைப் போட்டால் உயிர் பிழைப்போர் கூடுகிறார்கள் என்று 1,583 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது. மருந்தின் விலை சுமார் 100 ரூபாய். மருந்தைக் குறைத்துக் கொடு, மலிவான மருந்தைக் கொடு என்று சொல்லும் ஆய்வுக்கு எந்தப் பன்னாட்டு நிறுவனம் பணம் தரும்? பொதுப் பணம்தான் தர வேண்டும். அது தருகிற லாபமும் பொதுவில்தான் சேரும்.

முதலில் எல்லோருக்கும் சிகிச்சை, பிறகு ஆராய்ச்சி என்று நம் பக்கத்துத் தோழர்கள் சொல்வதுண்டு. திண்டுக்கல்லின் வினிகரும் நூறு ரூபாய் ஊசியும் அதற்குப் பதில். ஏழைக்குச் சிகிச்சை எட்டுவதற்கு வழி கண்டுபிடிப்பதே ஆராய்ச்சி. அதைத் தள்ளிப்போட்டால் சிகிச்சையும் தள்ளிப்போகும்.

நாம் கேட்பது

ஏவுதளம் வரும் மாவட்டத்திலேயே, நெல்லை, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்து, முழுக்கப் பொது உடைமையில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி மையம் வேண்டும். பீடி சுற்றுபவர், உப்பளத் தொழிலாளர், மீனவர், பனையேறிகள், ஆலைகளைச் சுற்றி வாழ்பவர் ஆகியோரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு அதன் முதல் வேலையாக இருக்க வேண்டும். விண்வெளிக்குப் பலனைக் கணக்கிட்டுக் காட்டுகிறவர்கள் இதற்கும் காட்டட்டும்.

தமிழ்நாடு முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. இது நல்ல தொடக்கம். யாருக்கு எந்தக் கட்டத்தில் நோய் தெரிகிறது, யார் பாதியில் சிகிச்சையை விடுகிறார்கள் என்பதைச் சாதி வாரியாக, தொழில் வாரியாக வெளியிட வேண்டும். மறைத்து வைத்தால் சாதி மறைந்துவிடாது. சாவு மட்டும் மறையும்.

பீடியிலிருந்து வரும் வரியில் ஒரு பங்கைப் பீடித் தொழிலாளரின் பரிசோதனைக்கும் மாற்றுத் தொழிலுக்கும் சட்டப்படி ஒதுக்க வேண்டும். பொதுப் பணத்தில் கண்டுபிடித்த எந்த மருந்துக்கும் தனியார் தனியுரிமை கூடாது. ஓர் ஊர் மக்களின் உடலை வைத்து ஒரு சிகிச்சை நிரூபிக்கப்பட்டால் அந்த ஊருக்குத்தான் அது முதலில் போய்ச் சேர வேண்டும். இதை ஆய்வுக்கு அனுமதி தரும்போதே எழுதி வாங்க வேண்டும். 2006, 2019 சட்டங்களின் விலக்குப் பட்டியலைக் கிழித்தெறிய வேண்டும்.

இவற்றில் எதுவும் சலுகை அல்ல. போட்ட பணம் திரும்பி வரும் என்று அவர்களுடைய கணக்கே சொல்கிறது. திரும்பி வரும் பணத்தில் நம் பங்கையும், நம் பெண்களின் ஆயுளையும், ஆய்வுக்கூடத்தில் நம் பிள்ளைகளின் நாற்காலியையும் கேட்கிறோம். குலசேகரன்பட்டினத்திலிருந்து ராக்கெட் போகட்டும். அது போகிற நாளில் கீழே நின்று பார்க்கிற பெண்களில் எத்தனை பேருக்கு அந்த ஒரு நிமிடச் சோதனை செய்தாயிற்று என்ற கணக்கையும் அரசு அன்றைக்கே சொல்லட்டும்.